கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது

அந்த ஒல்லாந்துக்காரப் பையன் என் கையெழுத்து இல்லாமல் கானா மண்ணில் கால் வைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், கூடத்து நடுவில் நின்று இப்படி அறிவித்தேன். கேட்க வேண்டியவர்கள் இரண்டே பேர். என் மனைவி அராபா சமையலறையில் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் அஜோவா வாசல்படியில் சாய்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தலையும் நிமிரவில்லை. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக அறிவித்தேன்.

"காது நல்லாவே கேக்குது. அந்த உப்பு டப்பாவ எடுங்க" என்றாள் அராபா.

எடுத்துக் கொடுத்தேன். கோபமாகத்தான் கொடுத்தேன்.

பையன் பெயர் யோரிஸ். போன வருஷம் எங்கள் எல்மினா காயலில் மீன் அளக்க வந்தவன். மீனைப் பிடித்து விற்பார்கள், பொரிப்பார்கள், உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். பிடித்து, நீளம் அகலம் அளந்து, திரும்பவும் தண்ணீரிலேயே விடுகிற ஆளை அப்போதுதான் பார்த்தேன். அவன் அளப்பதை எழுதிக்கொள்ள ஊர்ப்பிள்ளை ஒருத்தி தேவைப்பட்டாள். என் மகள் போனாள். மழைக்காலம் முழுக்க அவன் அளந்தான், அவள் எழுதினாள். அவன் ஊருக்குப் போன பிறகும் ராத்திரியில் ஃபோனில் அளவளாவல் ஓயவில்லை. இத்தனை பேச எல்மினா காயலில் மீன் இல்லை. இப்போது சுற்றுலா வருகிறானாம்.

ஐரோப்பாக்காரர்கள் எங்கள் நாட்டுக்கு வர விசா வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும். யார் வீட்டிலாவது தங்குவதாக இருந்தால் அந்த வீட்டுக்காரர் அழைப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். இங்கே வீட்டுக்காரர் யார்? அடியேன், எக்கோ பிரவுவர். நகர சபையில் வீடு கட்ட அனுமதி கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். கொடுக்கும் பிரிவு என்று பெயர்தானே தவிர, கொடுத்ததைவிட நான் 'நாளைக்கு வாங்க' என்று சொன்னதுதான் அதிகம்.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் சித்தப்பா மகன் கல்யாணத்துக்காக நானும் ஐரோப்பா போக விசா கேட்டேன். தூதரகத்தில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். முதலில் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கேள்வி கேட்டார்கள். சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், என் கல்யாண ஃபோட்டோ எல்லாம் நீட்டினேன். நான் என் நாட்டுக்குத் திரும்பிப் போவேன் என்று நம்ப ஆதாரம் போதாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டணம் போனது போனதுதான். நானா திரும்ப மாட்டேன்? அராபாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்ராவில்கூட ஒரு ராத்திரி தங்கியதில்லை. தங்குவதற்கு இவளிடம் அனுமதி கிடைத்ததில்லை.

அஜோவா எங்களுக்கு ஒரே பிள்ளை. இவன் வருவான், சிரிப்பான், கூட்டிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் என் மகள் முகத்தைப் பார்க்க நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். என்மேல் நம்பிக்கை இல்லை என்று அவர்கள்தான் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்களே. சாகிறவரை என் பெண்ணை ஃபோனில்தான் பார்ப்பேன். இதை வீட்டில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம், அதனால் சத்தம் போட்டேன்.

"உங்க தாத்தாவுக்குத் தாத்தா, அந்த ஒல்லாந்து பிரவுவர், இங்க கப்பல்ல வந்து இறங்குனப்போ யாரு கையெழுத்துப் போட்டா, அஜோவா அப்பா?"

"அது வேற காலம்."

"ஊசி போட்டிருந்தாரா?"

"அராபா, பேச்ச மாத்தாத."

"திரும்பிப் போக டிக்கெட் வெச்சிருந்தாரா? வெச்சிருந்தா, நீங்க எப்படி இங்க நின்னு கத்துறீங்க?"

அஜோவா ஃபோனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. எதிர்க்கட்சி வலுவாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அஜோவா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஹோட்டலில் அறை எடுத்தாலே விசா கிடைத்துவிடும், ஆனாலும் அது அழகில்லை, உங்கள் வார்த்தை வாங்கிக்கொண்டு வருவதுதான் மரியாதை என்று அவன் சொல்கிறான் என்றாள். மரியாதை என்ற சொல் என்னைக் கொஞ்சம் இளக்கியது. அதே நேரம் எனக்குள்ளே இருந்த நகர சபை விழித்துக்கொண்டது. கடிதம் தருகிறேன், ஆனால் நிபந்தனைகளோடு தருகிறேன் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை என்னவெல்லாம் கேட்டார்களோ, அத்தனையும் இவனைக் கேட்கப்போகிறேன். விசாவில் பாதி விசாரணைதான். அந்தப் பாதி என்னுடையது.

சாப்பாடு முடிந்ததும் காகிதத்தோடு உட்கார்ந்தேன். அராபா பாத்திரம் கழுவியபடியே எட்டிப் பார்த்தாள்.

முதல் நிபந்தனை, கட்டணம். பணமாகக் கேட்டால் பிச்சை கேட்ட மாதிரி இருக்கும் என்றாள் அவள். வேண்டுமானால் இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் கேளுங்கள், அவர்கள் ஊர்ச் சரக்குதானே என்றாள். ஷ்னாப்ஸ் என்றால் பெரியவர்களுக்கு முன்னால் வைக்கிற சாராயம். ஒரு சொட்டு முன்னோருக்கு என்று தரையில் ஊற்றிவிட்டு மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம். மிச்சத்தை நினைத்ததுமே எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. 'கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அடியில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

"இன்னொரு கோடு போடுங்க" என்றாள் அராபா. போட்டேன்.

இரண்டாவது நிபந்தனை, இவனுக்கும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதா என்பதற்குச் சான்று. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லலாமா என்று யோசித்தேன். அராபா உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா என்ன, யாரு வேணா கூட்டிட்டு வருவாங்க. தாய்மாமனக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவங்க ஊர்ல தாய்மாமன் எந்தத் தெருவுல இருக்கான்னே யாருக்கும் தெரியாது. அங்கயே மாட்டிக்குவான்."

எனக்குப் பரம சந்தோஷம். மூன்றாவது, நேர்காணல். வந்த நோக்கத்தை நின்றுகொண்டு, எங்கள் ஃபான்டே மொழியில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருத்தர் மட்டும் கேட்டால் கனம் போதாது, என் அண்ணனையும் உங்கள் அக்காவையும் கூப்பிடுவோம் என்றாள். மூன்று வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை காலை என்று நாளும் அவளே குறித்தாள். கடைசியாக, வெள்ளைக்காரப் பையன், நேராக உள்ளே நுழைந்துவிடுவான், முறையாக வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும் என்று சேர்க்கச் சொன்னாள். நியாயம்தான் என்று அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரே ராத்திரியில் நான் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டியது அன்றைக்குத்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ நம் கை ஓங்கிவிட்டது என்று நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

பையன் மாட்டிக்கொள்ளவில்லை. தாய்மாமன் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை வீடே மணத்தது. ஆட்டுக்கறி, பனம்பழச் சூப்பு, பொரித்த வாழைப்பழம் என்று அராபா விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். ஒரு விசாரணைக்கு இவ்வளவு சாப்பாடு எதற்கு என்று கேட்டேன். நீங்கள் கூடத்திலேயே இருங்கள், போதும் என்றாள். சமையலறைக்கும் எனக்கும் ஆகாது. ஒருமுறை நான் வைத்த நிலக்கடலைச் சூப்பை அடுத்த வீட்டு நாய்க்கு ஊற்றினோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் எங்கள் பக்கமே வரவில்லை.

அராபாவின் அண்ணன் எபோ பெரிய சரிகைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர்தான் அவர்கள் குடும்பத்துத் தலைவர். எங்கள் வழக்கத்தில் பிள்ளைகள் அம்மா குடும்பத்துக்குச் சொந்தம், தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். என் அக்கா மணிமாலையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். அராபாவும் பெட்டியிலிருந்து புதுத் துணியை எடுத்து உடுத்தியிருந்தாள். என் விசாரணைக்கு எல்லோரும் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு விம்மியது. கூடத்தில் மேஜையைப் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்தேன். அலுவலகத்திலிருந்து 'நிராகரிக்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையையும் கொண்டுவந்திருந்தேன். அது சட்டைப் பையில் தயாராக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"அகோ" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. வரலாமா என்று அர்த்தம்.

"அமே" என்றேன், வா என்று. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கட்டைக் குரலில்.

முதலில் யோரிஸ் வந்தான். வெயிலில் சிவந்து, இருக்கிற முடியையெல்லாம் தண்ணீர் போட்டு அழுத்தி வாரியிருந்தான். பின்னால் அவனுடைய தாய்மாமன் வில்லெம். கோட்டும் டையும் கட்டி, வியர்வையில் தொப்பலாகி, இரண்டு பாட்டிலையும் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். ஊசி அட்டையைக் கேட்டேன். இருந்தது. மாமனுடையதையும் கேட்டேன். அதுவும் இருந்தது. மாமன் ஊசி போட்ட இடத்தைத் தடவிக் காட்டினார். இன்னும் வலிக்கிறதாம்.

தண்ணீர் குடித்து முடித்தவர்களிடம் 'வந்த காரியம் என்ன' என்று கேட்பது எங்கள் வீடுகளில் முறை. எபோ தொண்டையைச் செருமினார். நான் கையைத் தூக்கித் தடுத்தேன்.

"இருங்க மச்சான். விசா ஆபீஸ்ல மொதல்ல கட்டணம். அப்புறந்தான் கேள்வி."

எபோ தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தாள்.

"மாப்ள, மொதல்ல காரியத்தக் கேட்டுட்டு அப்புறம் பாட்டில வாங்குறதுதான் வழக்கம். யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நல்லா யோசிச்சுட்டேன். என்கிட்ட அப்படித்தான் வாங்குனாங்க."

"இத்தன பேரு சாட்சி" என்றார் எபோ.

அவர் சாட்சி என்று சொன்னதும்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கண்ணாடி ஜன்னல்தான் இருந்தது. கடைசியில் நான் அதற்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன் அல்லவா. வில்லெம் மாமன் எழுந்து வந்து பாட்டில்களை மேஜைமேல் வைத்தார். சும்மா வாங்கி வைத்தால் திருப்தி இல்லை என்று ஒன்றைத் திறந்தேன். தரையில் ஒரு சொட்டு விட்டு முன்னோரைக் கூப்பிட்டேன். அந்தக் கப்பல் பிரவுவரையும் சேர்த்தே கூப்பிட்டேன். பிறகு சின்னக் குவளையை நிரப்பி வாயில் கவிழ்த்துக்கொண்டு, இப்போது நோக்கத்தைச் சொல் என்று பையனுக்குக் கை காட்டினேன்.

யோரிஸ் எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்தான்.

"நாங்க இந்த வழியா போனோம். உங்க தோட்டத்துல ஒரு பூ பாத்தோம். ரொம்ப அழகு. அந்தப் பூவப் பொரிச்சுக்க அனுமதி வேணும்."

"பறிச்சுக்க" என்று சமையலறையிலிருந்து அஜோவாவின் குரல் திருத்தியது.

"பறிச்சுக்க" என்றான். மீனிலேயே கிடந்தவன் புத்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில ஊர்களில் பெண் கேட்டுத் தட்டு மாற்றுவார்கள். எங்கள் ஊரில் கதவைத் தட்டுவார்கள். சனிக்கிழமை காலையில், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஷ்னாப்ஸோடு வந்து, தட்டிவிட்டு உள்ளே வந்து, தோட்டத்தில் பூ பார்த்த கதையைச் சொல்வார்கள். பெண்ணின் அப்பா அந்தச் சாராயத்தைக் குடித்தால் சம்மதம். இந்த ஊரில் பிறந்த பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆத்திரத்தில் எனக்கு விசா ஆபீஸ் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அதனால் என் பெண்ணைக் கேட்டு வருவது எப்படி என்று, நானே, என் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டு, ஒல்லாந்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

சாராயம் இன்னும் வாயில்தான் இருந்தது. துப்பினால் முன்னோருக்கு அவமானம். விழுங்கினால் சம்மதம். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கோத்து, சட்டைப் பையில் முத்திரையைத் தேடினேன். கூடமே என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல சரக்கு வேறு. எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? விழுங்கிவிட்டேன்.

என் அக்கா குலவையிட்டாள். வில்லெம் மாமன் என்ன ஏது என்று புரியாமல் கைதட்டினார். பாட்டிலை மூடி அவர் பக்கம் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். அராபா அதைத் திரும்ப என் பக்கமே நகர்த்தினாள்.

"திருப்பித் தரப்பட மாட்டாது. மூணு கோடு போட்டிருக்கீங்க."

எபோ வழக்கப்படி அஜோவாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். இந்தச் சாராயத்தை ஏற்கலாமா என்று பெண்ணை மூன்று தடவை கேட்க வேண்டும். அப்பாதான் அவசரப்பட்டுவிட்டார், நீயாவது நிதானமாகச் சொல் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அஜோவா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறக்க மாட்டாள், நான் தலையாட்டினால்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சின்ன வயதில் கடலில் இறங்க வேண்டுமென்றாலும் இப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அவளை விட மனசே இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்றேன். என்னைத் திருப்பி அனுப்பிய அதே கேள்வி. முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீ உன் நாட்டுக்குத் திரும்பிப் போவேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

யோரிஸ் மாமனைப் பார்த்தான். அஜோவாவைப் பார்த்தான். அவன் முகம் இன்னும் சிவந்தது.

"ஆதாரம் இல்ல, ஐயா" என்றான். ஒரு சொல்லும் பிசகவில்லை, இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "காயல் வேலை இங்கேயே இருக்கு. வேலை அனுமதி கேட்டிருக்கேன். அஜோவா சொல்றா, அவளுக்கு அவ அப்பாவ விட்டு வர முடியாதுன்னு. அதனால நான் வரேன். திரும்பிப் போறதா எண்ணம் இல்ல. மன்னிச்சுக்குங்க."

ஆதாரம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அன்றைக்கு என்னை வெளியே அனுப்பினார்கள். உலகத்தில் எந்த அதிகாரியும் இந்தப் பதிலுக்கு விசா கொடுக்க மாட்டான். நான் முத்திரையைப் பைக்குள் போட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் என்றேன். கூடத்தில் வெயிலே இல்லை. பிறகு அஜோவாவைப் பார்த்துத் தலையாட்டினேன். ஏற்கலாம் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. யோரிஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவன் கையில் லேசாக மீன் வாடை அடித்தது. பரவாயில்லை, நம் ஊர் மீன்தான்.

சாப்பாட்டில்தான் மற்றதெல்லாம் வெளிவந்தது. பிரவுவர் என்றால் தங்கள் ஒல்லாந்து மொழியில் மது காய்ச்சுகிறவர் என்று அர்த்தம் என வில்லெம் மாமன் விளக்கினார். காய்ச்சுகிறவர் குடும்பத்திலா இவ்வளவு அவசரமாகக் குடிக்கிறார்கள் என்று எபோ கேட்டார். யோரிஸுக்கு விசா கிடைத்து மாதம் ஒன்றாகிறதாம். ஹோட்டல் அறையைக் காட்டி அப்போதே வாங்கிவிட்டானாம்.

"அப்போ என் கடிதம் எதுக்கு?" என்றேன்.

"அது கானாவுக்குள்ள வர இல்ல. உங்களுக்குள்ள வர" என்றாள் அராபா, என் தட்டில் கறியை அள்ளி வைத்தபடியே. எத்தனை நாளாகத் திட்டம் போட்டாய் என்று கேட்டேன். நீங்கள் எங்கே திட்டம் போட விட்டீர்கள், முக்கால்வாசியை நீங்களேதான் எழுதினீர்கள் என்றாள். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. வாய் நிறையக் கறி.

கல்யாணம் அறுவடைத் திருவிழா முடிந்ததும். நேற்று அராபா என் முன்னால் காகிதக் கட்டை வைத்தாள். யோரிஸின் அப்பா, அம்மா, தங்கைகள், சித்திகள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு படகு நிறைய ஆள் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் விசா வேண்டும். ஹோட்டல் அறை போதுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். சம்பந்தி வீட்டாரை ஹோட்டலில் தங்க வைக்கிற குடும்பம் எது என்று காட்டுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். இவரை நான் நன்கு அறிவேன். இவருடைய தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் நானே பொறுப்பு. ஆளுக்கு ஒரு கடிதம். விரல் மரத்துப்போயிற்று. இவர்கள் எல்லோரையும் பார்த்ததுகூட இல்லை, எல்லோரையும் நன்கு அறிவேன். ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அராபா, இவங்க எல்லாரும் குறிச்ச நாள்ல திரும்பிப் போயிடுவாங்கன்னு நான் உறுதி தரணும். அதுக்கு என்னன்னு எழுதறது?"

அவள் மீனிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"கடைசி வாரம் சமையல் நீங்கன்னு எழுதுங்க."